வயசான பூனை போன பிறகு: ஒரு மாட்டு டாக்டரம்மா சொல்வது

நீலகிரி மாவட்டம் கோத்தகிரியில் கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். ஊரில் "மாட்டு டாக்டரம்மா" என்பார்கள். நான் டாக்டர் இல்லை, டாக்டருக்குப் பக்கத்தில் நின்றவள். வேலை முழுக்க மாடும் ஆடும் கோழியும்தான். ஆனால் இப்போது என் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர்களில் பாதிப் பேர் பூனைக்காரர்கள். அதிலும் வைத்தியம் கேட்டு வருகிறவர்கள் கொஞ்சம். பூனை செத்துப் பத்துப் பதினைந்து நாள் கழித்து வந்து, திண்ணையில் உட்கார்ந்து, சுற்றி வளைத்துப் பேசிவிட்டு, "நான்தானேம்மா அதைக் கொன்னுட்டேன்?" என்று கேட்பவர்கள் நிறைய.

மாடு செத்தால் நாலு பேர் வந்து விசாரிப்பார்கள், எவ்வளவு நட்டம் என்று பேசுவார்கள், இன்சூரன்ஸ் பற்றிக் கேட்பார்கள். பூனை செத்தால் வாசலில் நின்று ஒரு வார்த்தை கேட்க ஆளில்லை. என் செவலை பதினேழு வயதில் போனபோது எனக்கும் அதே கதிதான். செம்மண் நிறப் பூனைக்கு மாட்டுக்காரி வேறு என்ன பெயர் வைப்பாள். அந்தப் பெயரைக் கேட்டுக் காளை வளர்த்தேன் என்று நினைத்தவர்களும் உண்டு. வருகிறவர்களிடம் நான் சொல்வதையே இங்கே எழுதுகிறேன்.

முதல் நாள்

முதலில் உடம்பைக் கவனியுங்கள். அவசரம் வேண்டாம். நம் மலைக் குளிரில் ஓர் இரவு வைத்திருக்கலாம். பிள்ளைகள் வெளியூரிலிருந்து வருவதாக இருந்தால் காத்திருக்கலாம். இரண்டு மூன்று மணி நேரத்தில் உடம்பு விறைக்க ஆரம்பிக்கும். அதற்குள் கால்களை மடக்கி, தூங்கும்போது எப்படிச் சுருண்டு படுக்குமோ அப்படி வைத்துவிடுங்கள். அடியில் பழைய செய்தித்தாள் போடுங்கள், சிறுநீர் கசியும். பருத்தித் துணியில் சுற்றி, அடுப்பு எரியாத அறையில், தரையில் வையுங்கள். வீட்டில் இன்னொரு பூனை இருந்தால் ஒரு தடவை வந்து முகர்ந்து பார்க்கட்டும், விரட்ட வேண்டாம். செத்த பூனைக்கு வந்தது தொற்றுநோய் என்று டாக்டர் சொல்லியிருந்தால் மட்டும் மற்றதைத் தள்ளி வையுங்கள்.

குழி மூன்று அடிக்குக் குறையக் கூடாது. ஒன்றரை அடி தோண்டி மூடிவிட்டு வந்தால் காட்டுப்பன்றியோ நரியோ ராத்திரியே கிளறிவிடும். காலையில் அதைப் பார்க்க நேர்ந்தால் அந்தத் துக்கம் தனி. மண் போட்ட பிறகு மேலே கனமான கற்களை அடுக்குங்கள். ஊற்றுக்கோ கிணற்றுக்கோ மேல்பக்கம் வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் சரிவின் ஓரத்தில் தோண்டுவதும் வேண்டாம். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் எப்படிச் சரிந்தது என்று பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் இருப்பவர்கள், வாடகை வீட்டுக்காரர்கள், எஸ்டேட் ரைட்டரிடமோ வீட்டுக்காரரிடமோ ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தோண்டுங்கள். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

வலியில்லாமல் சாக டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பூனை என்றால் இன்னும் கவனம். அந்த மருந்து உடம்பிலேயே தங்கும். அதைத் தின்கிற நாயும் நரியும் பறவையும் மயங்கும், சாகவும் செய்யும். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் செத்ததைத் தின்னும் பாறு கழுகுகள் மிஞ்சியிருக்கும் மாவட்டம் நம்முடையது. அவற்றைக் காப்பாற்றத்தான் மாட்டுக்குப் போடும் வலி மருந்தான டைக்ளோஃபினாக்கை 2006-ல் தடை செய்தார்கள். அதனால் "காட்டில் போட்டால் இயற்கை பார்த்துக்கொள்ளும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

மேலே பூ வைக்க ஆசைப்பட்டால் சாமந்தியோ ரோஜாவோ வையுங்கள். பசுமைக்குடிலில் வளர்க்கிறார்களே லிலியம், அது மட்டும் வேண்டாம். வீட்டில் வேறு பூனை இருந்தால், அதன் மகரந்தம் உடம்பில் ஒட்டி நக்கினாலே சிறுநீரகம் போய்விடும். பூச்சாடியில் ஊற்றிய தண்ணீர்கூட விஷம்.

இன்னொன்று. கடைசி நாட்களில் மாத்திரை கொடுக்கும்போது பூனை கடித்திருக்கும், பிறாண்டியிருக்கும். பூனைக்குத் தடுப்பூசி போடாமல் விட்டிருந்தால் நீங்கள் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். குன்னூரில் 1907 முதல் பாஸ்டர் நிலையம் இருக்கிறது. அதே மாவட்டத்தில் இருந்துகொண்டு இதில் அலட்சியம் காட்டக் கூடாது.

குற்ற உணர்ச்சிக்கு ஒரு தாள்

இரண்டாம் நாள், மூன்றாம் நாள் ஆரம்பிக்கும். "அன்னைக்கே கூட்டிட்டுப் போயிருந்தா", "அந்த ஊசி போடாம இருந்திருந்தா". இதற்கு நான் சொல்லும் வழி என் வேலையிலிருந்து வந்தது. மருந்தகத்தில் எங்களுக்குப் பதிவேடு உண்டு. இன்று வந்த மாடு, இன்று பார்த்த அறிகுறி, இன்று கொடுத்த மருந்து. நாளைக்குத் தெரிய வந்ததை இன்றைய தேதியில் எழுதினால் அது முன்தேதியிட்ட பதிவு, ஆடிட்டில் மாட்டிக்கொள்வோம். குற்ற உணர்ச்சி செய்வது முழுக்க இந்த வேலைதான். பூனை செத்த பிறகு தெரிந்த விஷயத்தைத் தூக்கிக்கொண்டு போய் ஆறு மாதத்துக்கு முந்தைய தேதியில் எழுதிவிட்டு, "பார், உனக்குத் தெரிந்திருந்தது" என்று கையெழுத்துப் போடச் சொல்லும்.

ஆகவே ஒரு தாள் எடுங்கள். மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பது போதாது, எழுத வேண்டும். உங்கள் மேல் நீங்கள் வைக்கும் குற்றச்சாட்டு ஒன்றை மேலே எழுதுங்கள். கீழே மூன்று விஷயம்: அது நடந்த தேதி, அன்றைக்கு உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது, அன்றைக்குச் செய்தது. டாக்டர் பிறகு சொன்னது, பக்கத்து வீட்டுக்காரர் பிறகு சொன்னது, போனில் தேடிப் படித்தது எதுவும் அந்தத் தேதியில் வரக் கூடாது. தேதி நினைவில்லையா, தீபாவளி, பொங்கல், இலை அதிகம் வந்த மாதம் என்று எழுதினால் போதும்.

அரவேனு பக்கத்திலிருந்து இலை பறிக்கும் பெண் ஒருவர் வந்திருந்தார். அவருடைய பூனைக்குப் பதினைந்து வயது. "தண்ணி நெறைய குடிச்சுதுங்கம்மா, நல்லதுதானேன்னு நெனச்சுட்டேங்க" என்றார். எழுதச் சொன்னேன். தீபாவளி சமயம்: தண்ணீர் அதிகம் குடித்தது, சோறு வழக்கம்போல் தின்றது, வெயில் வந்தால் இலைச் சாக்கின் மேல் படுத்தது. மார்கழி: ரோமம் அடர்ந்திருந்தது, இளைத்தது தெரியவில்லை. பொங்கல் முடிந்து: தூக்கும்போது முதுகெலும்பு கையில் தட்டியது, மறுநாளே ஆஸ்பத்திரி. எழுதி முடித்துத் தாளைத் திருப்பிக்கொண்டு அவரே இன்னொரு தரம் படித்தார். "எலும்பு தட்டுன மறுநாளே போயிருக்கேனே" என்றார். நான் எதுவும் சொல்லவில்லை.

அடிக்கடி வரும் குற்றச்சாட்டுகள்

முன்னாடியே கவனிக்கவில்லை என்பதுதான் முதலில் வரும். வயசான பூனைகளுக்கு வரும் பெரிய நோய் சிறுநீரகம் தேய்வது. அதன் சூழ்ச்சி என்னவென்றால், சிறுநீரகத்தில் மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகுதான் தண்ணீர்த் தாகமும் அதிகச் சிறுநீரும் வெளியே தெரியும். ரத்தப் பரிசோதனையில் கிரியாட்டினின் என்ற கழிவு ஏறுவது ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகு. அதுவரை மிச்சமிருப்பது எல்லா வேலையையும் இழுத்துக்கொண்டு ஓடும். பூனையும் வலியைக் காட்டாது. பசு கத்தும், இரை எடுக்காமல் நிற்கும், காதைத் தொங்கப்போடும். பூனை கொஞ்சம் அதிகமாகத் தூங்கும், அவ்வளவுதான். பதினைந்து வயதுப் பூனை என்பது நம் கணக்கில் எழுபத்தாறு வயது. அந்த வயசில் அதிகம் தூங்குவதை யார் நோய் என்று நினைப்பார்கள்?

அடுத்தது ஊசி. இதில்தான் பலர் உடைந்துபோகிறார்கள், அதனால் நடப்பதை அப்படியே சொல்கிறேன். முதலில் ஒரு மயக்க ஊசி. பூனை தள்ளாடும், தலை சாயும். அப்புறம் நரம்பில் மயக்க மருந்தையே அதிக அளவில் ஏற்றுவார்கள். முதலில் மூளை நினைவிழக்கும், பிறகு மூச்சு நிற்கும், கடைசியில் இதயம். "கண்ணைத் திறந்தே என்னைப் பார்த்துச்சு" என்று சொல்லாதவர்கள் குறைவு. செவலையும் அப்படித்தான் போனான். என் கையில் அவன் கன்னம், மஞ்சள் விழி முழுசாகத் திறந்து, பாவை விரிந்து கறுத்து. கண்ணை மூட இமைத் தசை வேலை செய்ய வேண்டும், தசை தளர்ந்தால் இமை திறந்தபடியே நிற்கும். சில நிமிடம் கழித்து ஒரு பெரிய மூச்சு வரலாம், கால் துடிக்கலாம், சிறுநீர் போகலாம். அதெல்லாம் நினைவு போன பிறகு உடம்பு தானாகச் செய்வது, வலி இல்லை. டாக்டர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். பலர் சொல்வதில்லை, அவசரம்.

"சீக்கிரம் போட்டுட்டோமோ", "ரொம்ப லேட்டா போட்டுட்டோமோ" என்று ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டையும் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். இரண்டையும் தாளில் அடுத்தடுத்து எழுதுங்கள். ஒன்றை ஒன்று அடித்துவிடும்.

இதற்கு மேல் ஊர்வாய் இருக்கிறது. "பூனைப் பாவம் பொல்லாதது, பொன்னுல பூனை செஞ்சு குடுத்தாலும் தீராது" என்று யாராவது ஒரு பெரியம்மா கட்டாயம் சொல்வார். அந்தப் பேச்சு பூனையை அடித்துக் கொல்கிறவனுக்கு. மூன்று நாளாகத் தண்ணீர் இறங்காமல், நிற்க முடியாமல் கிடந்த பூனைக்கு ஊசி போடச் சம்மதித்தவருக்கு அது எப்படிப் பொருந்தும்? ஒருவர் மனுநீதிச் சோழனையே என்னிடம் கொண்டுவந்தார். ஐயா, அந்தக் கன்று துள்ளிக்கொண்டு தெருவில் ஓடிய கன்று என்றேன். மனசு கேட்கவில்லை என்றால் கோயிலில் ஒரு விளக்குப் போட்டுவிட்டு வாருங்கள், தெருப் பூனைக்கு ஒரு வேளை சோறு வையுங்கள். பொன் பூனைக்குக் கடன் வாங்க வேண்டாம்.

பணம். மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், அதற்கப்பால் கோயம்புத்தூர். வண்டி வாடகை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, ஒரு நாள் கூலி போவது. "காசு இருந்திருந்தா பொழைச்சிருக்கும்" என்று சொல்கிறவர்களிடம் நான் மறைக்காமல் சொல்வது: தேய்ந்த சிறுநீரகத்தைத் திருப்பித் தரும் மருந்து எந்த ஊரிலும் இல்லை. தோலுக்கடியில் சலைன் ஏற்றலாம், வாந்தியைக் குறைக்கலாம், உணவை மாற்றலாம். நோய் முற்றிய பூனைக்கு அது நாட்களைக் கூட்டும், சில நேரம் மாதங்களை. அந்த நாட்களும் பெட்டிக்குள் வைத்துக் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கி ஏறுவதில் கொஞ்சம் போகும்.

வீட்டை விட்டுப் போய்த் திரும்பாத பூனை இன்னொரு விதம். சாகப்போகும் பூனை வீட்டாருக்குத் தொல்லை தராமல் போய்விடும் என்பார்கள். உண்மையில் உடம்பு முடியாத பூனை ஒளிந்துகொள்ள இடம் தேடும், அதனால் தூரம் போகாது. விறகு அடுக்குக்குப் பின்னால், தேயிலைச் செடி அடியில், பக்கத்து வீட்டு மாட்டுக் கொட்டகையில் டார்ச் அடித்துப் பாருங்கள். கண் மின்னும். இருட்டிய பிறகு தனியாகத் தோட்டத்துக்குள் இறங்க வேண்டாம், கரடியும் சிறுத்தையும் காட்டெருமையும் நடமாடும் நேரம் அது. கிடைக்கவில்லை என்றால், இந்தத் தேதி வரைக்கும்தான் தேடுவோம் என்று வீட்டில் எல்லோரும் பேசி முடிவு செய்யுங்கள். பிறகு அது படுத்த துணியைக் குழியில் வைத்து மூடலாம். உடம்பு இல்லாமலும் அடக்கம் செய்யலாம்.

கடைசியாக, யாரும் வாய்விட்டுச் சொல்லாதது: நிம்மதி. இனி ராத்திரி எழுந்து சிறுநீர் துடைக்க வேண்டாம், மாத்திரைக்கு மல்லுக்கட்ட வேண்டாம் என்று தோன்றும். படுத்த படுக்கையான மாமியாரைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு இது தெரியும். அவர்களிடம் கேளுங்கள்.

உண்மையிலேயே தவறு நடந்திருந்தால்

தாளில் எழுதிப் பார்த்த பிறகும் சில குற்றச்சாட்டுகள் நிற்கும். காய்ச்சல் என்று நினைத்துப் பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்த வீடுகள் உண்டு. அதைச் செரித்து வெளியேற்றும் வசதி பூனையின் ஈரலில் இல்லை, ஒரு மாத்திரையே கொல்லும். எலி மருந்தைப் பரணில் வைத்து மறந்தவர்கள் உண்டு. இவர்களிடம் "உங்க மேல தப்பில்லை" என்று நான் சொல்வதில்லை. சொன்னாலும் நம்ப மாட்டார்கள். தெரியாமல் செய்தது, ஆனால் செய்தது என்று ஒப்புக்கொண்டால்தான் அடுத்த வேலைக்குப் போக முடியும். அடுத்த வேலை, தெருவில் பூனை வளர்க்கும் நாலு வீட்டுக்குப் போய் இந்த மாத்திரை விஷம் என்று சொல்வது. வெட்கமாகத்தான் இருக்கும். ஒரு வீட்டில் சொல்லிவிட்டால் அடுத்த வீட்டில் குரல் நடுங்காது.

அன்றாடம்

எங்கள் தெருவுக்கு மீன்காரர் காலையில் வண்டியில் வருவார். ஹாரன் இரண்டு தரம். செவலை முதல் ஹாரனுக்கே கேட்டுக்குப் போய்விடுவான், மத்தித் தலைகளை அவர் ஒரு கவரில் தனியாகக் கட்டிக்கொண்டு வருவார். செவலை போன பிறகு எனக்கு அந்த ஹாரனைக் கேட்டாலே வயிற்றைப் பிசைந்தது. ஒரு நாள் கதவைத் திறக்காமல் இருந்துவிட்டேன், அவர் கவரைக் கேட்டில் தொங்கவிட்டுப் போயிருந்தார். மறுநாள் போய்ச் சொன்னேன். வண்டியை ஸ்டாண்டில் போட்டு இறங்கி நின்றார். "எப்பங்கம்மா? எங்க வச்சீங்க?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டது. அதற்குத்தான் சொல்கிறேன், பூனையைத் தெரிந்த ஆட்களுக்கு நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். பால்காரர், மீன்காரர், அதற்குப் பயந்து ஓடிய பக்கத்து வீட்டுப் பையன். மனிதச் சாவுக்கு ஊர் தானாக வரும், இதற்கு நாம்தான் அழைக்க வேண்டும். "ஒரு டீ குடிக்க வாங்க, என் பூனையைப் பத்திப் பேசணும்" என்று ஒருவரையாவது கூப்பிடுங்கள். "பூனைதானே" என்று சொல்லக்கூடிய ஆளை மட்டும் அந்த வாரம் விட்டுவிடுங்கள்.

சோறு வைக்கும் நேரத்தில் கை தானாகத் தட்டை எடுக்கும். அந்த நேரத்துக்கு வேறு வேலை கொடுங்கள். செடிக்குத் தண்ணீர் ஊற்றலாம், ஒரு நடை போய் வரலாம். தட்டைக் கழுவி மேலே எடுத்து வையுங்கள். தூக்கி எறிவதா வேண்டாமா என்று இப்போதே முடிவு செய்ய வேண்டாம். ராத்திரி தகரக் கூரையில் சத்தம் கேட்டால் அதுதான் என்று தோன்றும், போர்வை மேல் கனம் தெரியும். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்று பயப்பட வேண்டாம், துக்கத்தில் இருக்கும் நிறைய பேருக்கு நடப்பதுதான். குழந்தைகளிடம் "தூங்கப் போயிருக்கு" என்று சொல்லாதீர்கள், ராத்திரி அவர்களுக்குத் தூங்கவே பயம் வரும். செத்துப்போச்சு என்றே சொல்லுங்கள்.

வாரக்கணக்கில் சாப்பாடும் தூக்கமும் இல்லை, வேலைக்குப் போக முடியவில்லை, செத்துவிடலாம் என்று தோன்றுகிறது என்றால், 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். அரசின் டெலிமனஸ், இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். பூனைக்காகவா என்று கேட்பார்களோ என்று தயங்க வேண்டாம்.

மிச்சமிருக்கும் பூனையும், வரப்போகும் பூனையும்

துணை இழந்த பூனை வீடு முழுக்கத் தேடும், கத்தும், சில நாள் சரியாகத் தின்னாது. ஆனால் இரண்டு நாளைக்கு மேல் வாயே வைக்கவில்லை என்றால் துக்கம் என்று விட்டுவிடாதீர்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, அதிலும் கொழுத்த பூனைக்கு, ஈரலில் கொழுப்பு ஏறி உயிருக்கே ஆபத்தாகும். டாக்டரிடம் போங்கள்.

சலைன் ஊசிகளைக் கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மருந்தகத்தில் கொடுங்கள். குப்பை பொறுக்குகிறவர் கையில் குத்தும். மிச்ச மாத்திரையை அடுத்த வீட்டுப் பூனைக்குக் கொடுக்க வேண்டாம்.

அப்புறம், அட்டைப்பெட்டியில் குட்டியோடு ஒருவர் கட்டாயம் வருவார். நல்ல மனசோடுதான் வருவார். மனம் ஒப்பவில்லை என்றால் "இப்போ வேண்டாங்க" என்று சொல்லிப் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள், முகத்தாட்சணைக்கு வாங்கி வைக்காதீர்கள். வாங்கிக்கொண்டால் அதற்குப் பழைய பெயரை வைக்காதீர்கள், பாவம், அதுவும் தனி உயிர். முன்பிருந்த பூனை சிறுநீரகத்தாலோ வயசாலோ போயிருந்தால் பழைய போர்வையைத் துவைத்துக் கொடுக்கலாம். வாந்தி, பேதி, காய்ச்சல் என்று தொற்றுநோயில் போயிருந்தால் அந்தக் கிருமி வீட்டில் ஒரு வருஷம்கூடத் தாங்கும். போர்வையை எரித்துவிட்டு, தரையை பிளீச்சிங் பவுடர் கரைசலால் கழுவி, தடுப்பூசி முடித்த குட்டியை மட்டும் உள்ளே விடுங்கள். முதல் ஊசி எட்டு வார வயதில், மூன்று நான்கு வாரம் கழித்து அடுத்தது, மூன்று மாதத்தில் வெறிநோய்க்கு. தேதியை ஒரு நோட்டில் அன்றன்றே எழுதி வையுங்கள்.